ரயிலைக் கண்டு ஓடியவர்கள்

சினிமாவின் பிறப்பைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரு ரயிலில் ஏறித்தான் வருகிறார்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில், கிராண்ட் கஃபே என்ற காபி விடுதியின் கீழ்த்தளக் கூடத்தில், லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் முதன்முதலாகக் கட்டணத்துக்குக் காட்டப்பட்டன. திரையில் ஒரு ரயில் நேரே வந்தது. அது தங்கள்மேல் ஏறிவிடும் என்று அஞ்சிப் பார்வையாளர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்கள். பத்திரிகைத் தொடர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஊர்ப்பெயர் மட்டும் அவ்வப்போது மாறும். சிலர் மும்பை என்பார்கள், சிலர் சென்னை என்பார்கள்.

இத்தனை பேர் ஓடியும் அவர்களில் ஒருவருக்கும் கதையில் பெயர் இல்லை. யாரும் இடறி விழவில்லை, ஒரு நாற்காலியும் உடையவில்லை. இந்த வெறுமைதான் என்னைத் தேட வைத்தது. ஒரு கூட்டம் வாசலை நோக்கி ஓடினால் அது எங்காவது ஒரு தாளில் தடம் பதித்திருக்கும்: செய்தித்தாளில், காவலர் குறிப்பில், விடுதிக்காரரின் கணக்கில், வந்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில்.

முதலில் பார்க்க வேண்டியது அன்றைய நிகழ்ச்சி நிரல். ஆளுக்கு ஒரு ஃபிராங்க் கொடுத்து வந்தவர்கள் 33 பேர். அவர்களுக்குக் காட்டப்பட்டவை பத்துப் படங்கள். லியோன் நகரின் லூமியேர் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். ஒருவர் குதிரையேற்ற வித்தை செய்கிறார். குழந்தை தங்கமீன் தொட்டிக்குள் கைவிடுகிறது. புகைப்பட மாநாட்டுக்கு வந்தவர்கள் படகிலிருந்து இறங்குகிறார்கள். கொல்லர்கள் வேலை செய்கிறார்கள். தோட்டக்காரரின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது. குழந்தைக்கு உணவு ஊட்டுகிறார்கள். விரித்துப் பிடித்த போர்வைமேல் ஒருவர் குதிக்கப் பார்க்கிறார். லியோனின் கோர்டெலியே சதுக்கத்தில் வண்டிகள் போகின்றன. சிறுவர்கள் கடலில் குதித்துக் குளிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ரயில் இல்லை.

ரயில் படம் பொதுமக்கள் முன் வந்தது 1896 ஜனவரியில். ஆகவே கதையின் முதல் பாதி, அதாவது முதல் காட்சியிலேயே ரயில் வந்தது என்பது, நிரலைப் பார்த்தவுடனேயே விழுந்துவிடுகிறது. ஆனால் இதைக் கொண்டு முழுக் கதையையும் தள்ளிவிட முடியாது. தேதி தவறாக இருந்தும் சம்பவம் உண்மையாக இருக்கலாம். டிசம்பரில் ஓடாதவர்கள் ஜனவரியில் ஓடியிருக்கக்கூடும்.

அடுத்த சாட்சி படமேதான். பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள லா சியோத்தா என்ற ஊரின் ரயில் நிலையம். லூமியேர் குடும்பத்துக்கு அந்த ஊரில் ஒரு கோடைக்கால வீடு இருந்தது. படச்சுருளின் நீளம் சுமார் 17 மீட்டர், ஓடும் நேரம் ஏறத்தாழ 50 விநாடி. நடைமேடையின் விளிம்பருகே கேமரா நிற்கிறது. தொலைவில் புள்ளியாகத் தெரியும் எஞ்சின் வளர்ந்து, திரையின் இடப்பக்கமாக விலகிக் கடந்து நிற்கிறது. பார்ப்பவரின் நெஞ்சுக்கு நேரே அது எப்போதும் வருவதில்லை. படத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான்: கதவுகள் திறக்கின்றன, ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், ஒரு சிலர் கேமராவைப் பார்த்துத் தயங்குகிறார்கள். ஓடிப்போனவர்கள் இந்தப் பகுதியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இங்கே இன்னொரு சிக்கல் எழுகிறது. மார்ட்டின் லோய்பெர்டிங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தப் படத்தைப் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறார். நாம் இன்று பார்க்கும் பிரதி லூமியேர் நிறுவனப் பட்டியலில் 653ஆம் எண் கொண்டது என்றும், அது 1897 கோடையில் எடுக்கப்பட்டது என்றும் அவர் காட்டுகிறார். நடைமேடையில் லூமியேர் குடும்பத்தினரே நிற்பதையும் அவர் அடையாளம் காண்கிறார். அப்படியானால் 1896இன் பார்வையாளர்கள் பார்த்தது இதே பொருளில் எடுக்கப்பட்ட வேறொரு சுருள். எஞ்சின் இடப்பக்கம் விலகுகிறது என்று மேலே நான் சொன்ன வாதத்தின் எடை இதனால் பாதியாகக் குறைகிறது. பிந்தைய பிரதியை வைத்து முந்தைய பார்வையாளரின் பயத்தை அளக்க முடியாது. கேட்க வேண்டியவர்கள் 1896இல் இருந்தவர்கள்.

முதல் நாள் கூட்டத்தில் இருந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் மெலியே. அப்போது அவர் பாரிஸில் மந்திரக் காட்சி அரங்கம் நடத்திக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் திரையில் நிலவுக்கே ஆளனுப்பியவர். முதலில் ஒரு அசையாத புகைப்படம் திரையில் விழுந்ததாகவும், இதற்காகவா நம்மை அழைத்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்ததாகவும், வாய் மூடுவதற்குள் படத்திலிருந்த குதிரை வண்டி தங்களை நோக்கி நடக்கத் தொடங்கியதாகவும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்களாம். அவர் அந்தக் காட்சியை லியோனின் பெல்கூர் சதுக்கம் என்கிறார். நிரலில் இருப்பதோ கோர்டெலியே சதுக்கம். இடப்பெயரில் நினைவு பிசகியிருக்கிறது. ஆனாலும் அசையாப் படத்தில் தொடங்கிச் சட்டென்று உயிர் கொடுக்கும் அந்தக் காட்டும் முறையைத் தொழில்காரரின் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எதிரே வந்தது வண்டி, கூட்டம் உட்கார்ந்தே இருந்தது என்ற இரண்டும் எனக்கு நம்பத் தகுந்தவையாகத் தோன்றுகின்றன.

கதைக்கு ஆதரவாகவும் ஒரு சாட்சி உண்டு. அவரை மறைப்பது முறையல்ல. ஆன்றி த பார்வீல் என்ற அறிவியல் பத்திரிகையாளர் 1896இல் எழுதிய கட்டுரையில், திரையில் ஒரு வண்டி விரைந்து வந்தபோது பக்கத்தில் இருந்த பெண்மணி துள்ளி எழுந்ததாகவும், வண்டி மறைந்த பிறகே உட்கார்ந்ததாகவும் பதிவு செய்திருக்கிறார். ஒரு பெண், ஒரு வண்டி, எழுந்து நின்றது. இத்தகைய குறிப்புகளைப் பல நாடுகளின் பத்திரிகைகளிலிருந்து திரட்டிய ஸ்டீபன் பாட்டமோர், இந்தத் திடுக்கிடலுக்கு ‘ரயில் விளைவு’ என்று பெயரிட்டார். உடல் தானாகவே பின்வாங்கியது, கை நாற்காலியைப் பற்றியது, யாரோ வீறிட்டார் என்ற அளவில் அது உண்மை. ஆகவே ‘யாரும் பயப்படவே இல்லை’ என்று சொல்லிப் பழைய கதையைப் புரட்டிப் போடுவதும் தவறாகிவிடும். திடுக்கிட்டார்கள். ஓடியதற்குத்தான் சான்று இல்லை.

மாக்சிம் கோர்க்கியின் சாட்சியம் இன்னும் நுட்பமானது. 1896 ஜூலையில் ருஷ்யாவின் நீஷ்னி நோவ்கரத் சந்தையில் லூமியேர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு புனைபெயரில் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். ரயில் அரங்கத்துக்குள் பாய்ந்து எல்லோரையும் நசுக்கிவிடும் போலிருக்கிறது என்று அவர் விவரிக்கும் விதத்தைப் படித்தால் இன்றும் உடல் சிலிர்க்கும். உடனேயே, அது நிழல்களால் ஆன ரயில்தானே என்கிறார். அவரைக் கலக்கியது வேறு: ஒலியில்லாத, நிறமில்லாத, சாம்பல் பூத்த அந்த உலகம். பயத்தையும், அதைப் பொய் என்று அறியும் அறிவையும் ஒரே நொடியில் சேர்த்து அனுபவித்த ஒருவரின் எழுத்து அது. டாம் கன்னிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘வியப்பின் அழகியல்’ என்று பேசியது இந்த இரட்டை அனுபவத்தைத்தான். கழைக்கூத்தாடி கயிற்றில் தடுமாறும்போது நாம் மூச்சைப் பிடிக்கிறோம். விழமாட்டார் என்றும் தெரியும். காசு கொடுப்பதே அந்த மூச்சுக்காகத்தான்.

அப்படியானால் ஓட்டம் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் தடம் ஆவணக் கட்டுகளை விட்டுத் திரைக்கே திரும்புகிறது. 1901இல் இங்கிலாந்தின் ராபர்ட் பால் ஒரு குறும்படம் எடுத்தார். நாட்டுப்புறத்து ஆள் ஒருவன் சினிமா பார்க்கிறான். திரையில் ரயில் வந்ததும் தலைதெறிக்க ஓடுகிறான். மறு ஆண்டு எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் போர்ட்டர் அதே கருவை அமெரிக்காவில் எடுத்தார். அங்கே ஓடுபவர் ஜோஷ் மாமா. ‘பிளாக் டயமண்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற எடிசன் ரயில் படத்தைக் கண்டு மேடையிலிருந்து குதிக்கிறார். பிறகு திரையையே கிழித்துவிடுகிறார். ரயிலைக் கண்டு ஒரு மனிதர் ஓடுவதைத் தெளிவாகக் காட்டும் மிகப் பழைய பதிவுகள் இவைதாம். இரண்டுமே நகைச்சுவைப் படங்கள். சினிமா பார்த்துப் பழகிய நகரத்தார், பழகாத பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரிப்பதற்காக எடுக்கப்பட்டவை.

படம் காட்டியவர்களுக்கும் இந்தப் பயத்தில் லாபம் இருந்தது. அதே பிளாக் டயமண்ட் ரயிலைக் காட்டும்போது வைட்டாகிராஃப் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் பிளாக்டன் மேடையில் நின்று, உறைந்த படத்தைச் சுட்டி, இதோ சற்று நேரத்தில் இது உயிர்பெற்று உங்கள்மேல் பாயப்போகிறது என்று பேசிப் பேசிக் கூட்டத்தின் நெஞ்சை அடிக்க வைப்பாராம். பயம் என்பது கட்டணத்தில் சேர்ந்த ஒரு சரக்காகவே விற்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. பாரிஸ் பத்திரிகையாளர் எழுதும்போது எழுந்து நின்றவர் பக்கத்து இருக்கைப் பெண். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓடியவர் கிராமத்தான். திடுக்கிட்டவர் யார் என்று சொல்லும் ஒவ்வொருவரும் தம்மைவிட ஒரு படி கீழே இருப்பதாகத் தாம் நினைக்கும் ஒருவரையே காட்டுகிறார். கோர்க்கி ஒருவர்தான் அந்தப் பயத்தைத் தன் உடலில் வைத்துப் பேசியவர். இந்தப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இந்தியாவுக்கு வந்தால் பல செய்திகள் விளங்கத் தொடங்குகின்றன.

1896 ஜூலை 7 அன்று மும்பை வாட்சன் ஹோட்டலில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டன. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் இறங்கிய மாரியுஸ் செஸ்தியே என்பவர் காட்டினார். கட்டணம் ஒரு ரூபாய். விளம்பரத்தில் ஆறு படங்களின் பெயர்கள். அவற்றில் ‘ரயிலின் வருகை’ உண்டு. (இது 1897இல் எடுத்த சுருளாக இருக்க வழியில்லை என்பதைக் காலமே சொல்லிவிடுகிறது.) காட்சிகள் பிறகு நாவல்டி தியேட்டருக்கு மாறின. அங்கே கட்டணம் நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை விரிந்தது. பர்தா அணியும் பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தனி அடைப்பிடங்கள் ஒதுக்கப்பட்டன. ஓட்டம் பிடிக்கும் கூட்டத்துக்கு யாரும் தனி இடம் ஒதுக்குவதில்லை.

மும்பையிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியது 1853இல். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல். வாட்சன் ஹோட்டல் காட்சியின்போது மும்பைக்காரர்களுக்கு ரயில் 43 ஆண்டுப் பழக்கம். அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்களில் ஹரிச்சந்திர சகாராம் பட்வடேகர் என்ற புகைப்படக்காரர் ஒருவர். அவர் செய்தது லண்டனிலிருந்து ஒரு கேமரா வரவழைத்தது. 1899இல் மும்பை தொங்கும் தோட்டத்தில் ஒரு மல்யுத்தப் போட்டியைப் படமாக்கினார். தமிழ்நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்டின் கதையும் இதை ஒத்தது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். நம் மண்ணில் சினிமாவைப் பரப்பியவர் ஒரு ரயில்வே ஊழியர் என்பது, ரயிலைக் கண்டு நம்மவர் ஓடினார்கள் என்ற கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்தியாவுக்கென்று தனியாக ஒரு ‘ஏமாந்த பார்வையாளர்’ கதையும் உண்டு. 1917இல் தாதாசாகேப் பால்கே எடுத்த ‘லங்கா தகன’த்தில் ராமர் தோன்றியதும் மக்கள் திரைமுன் விழுந்து வணங்கினார்கள் என்பது அது. நடந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அது எதற்குச் சான்று? தெருக்கூத்தில் ராமர் வேடம் கட்டி வருபவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்தே நம் ஊர்களில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். காலண்டர் படத்துக்குப் பூ வைப்பவர் அதைத் தாள் என்று அறியாதவர் அல்லர். வணங்கும் கைக்கும் ஏமாந்த கண்ணுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளக்காமல் ‘பாமரன் நிழலை நிஜம் என்று நம்பினான்’ என்று எழுதியவர்கள், லண்டன் நகைச்சுவைப் படத்தின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இதுவரை ஓட்டத்துக்குச் சான்று இல்லை என்றேன். ஆனால் சினிமாவிலிருந்து மக்கள் உண்மையாகவே உயிர் பிழைக்க ஓடிய நாள் ஒன்று உண்டு. 1897 மே 4, பாரிஸ், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தருமச் சந்தை. மரமும் துணியும் அட்டையும் கொண்டு பழங்காலத் தெரு போல அமைத்த கொட்டகை. அதன் ஓரத்தில் சினிமா காட்டும் அறை. அந்தப் புரொஜெக்டரின் விளக்கு ஈதர் ஆவியால் எரிந்தது. விளக்கில் ஈதர் நிரப்பும் வேளையில் தீக்குச்சி கிழிக்கப்பட்டது. சில நிமிடங்களில் கொட்டகை முழுதும் எரிந்தது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பலர் பிரபுக் குடும்பத்தினர். ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையான அலான்சோன் சீமாட்டியை அவரது பல் மருத்துவர் பற்களைக் கொண்டே அடையாளம் கண்டார்.

இந்த விபத்தில் பெயர்கள் இருக்கின்றன, வயது இருக்கிறது, விசாரணை இருக்கிறது, வழக்கு இருக்கிறது, நினைவுத் தேவாலயம் இருக்கிறது. நிகழ்ந்த ஓட்டம் காகிதத்தில் எப்படிப் பதியும் என்பதற்கு இதுவே அளவுகோல். அதை லா சியோத்தா ரயிலின் அருகே வைத்துப் பார்த்தபோதுதான், அந்தக் கதையின் ஆவண வெறுமை வெறும் தற்செயல் இல்லை என்று எனக்கு உறுதியானது.

தீயின் தடம் நேரே சட்டப் புத்தகத்துக்குப் போகிறது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலாய்டால் ஆனது. பற்றினால் தண்ணீரிலும் அணையாது. பிரிட்டன் 1909இல் சினிமாட்டோகிராஃப் சட்டம் கொண்டுவந்தது இந்த ஆபத்துக்காக: கொட்டகைக்கு உரிமம் வேண்டும், புரொஜெக்டர் அறை தீத்தடுப்புடன் இருக்க வேண்டும். ஆனால் உரிமம் கொடுக்கும் அதிகாரம் கையில் வந்ததும் உள்ளூராட்சிகள் ஞாயிற்றுக்கிழமை காட்சி கூடாது என்றன; பிறகு எந்தப் படம் கூடும், எது கூடாது என்றும் சொல்லத் தொடங்கின. நீதிமன்றமும் அந்த அதிகாரத்தை ஏற்றது. தீக்காகத் திறந்த கதவின் வழியே தணிக்கை உள்ளே நுழைந்தது.

இந்தியாவின் 1918ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராஃப் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே கட்டியது. உரிமம் வேண்டுமானால் கொட்டகையில் பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டும். காட்டும் படத்துக்குச் சான்றிதழும் இருக்க வேண்டும். 1920இல் மும்பை, கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. ஒன்று விளக்கிலும் சுருளிலும் இருந்த ஆபத்து. மற்றது பார்ப்பவரின் மனத்தில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஆபத்து. வெள்ளைக்காரப் பெண்கள் திரையில் முத்தமிடுவதைப் பார்த்தால் கல்வியற்ற இந்தியர் ஆள்வோரை மதிக்கமாட்டார் என்ற கவலை, 1920களில் லண்டன் பத்திரிகைகளிலும் அரசுக் கடிதங்களிலும் நிறைந்திருந்தது. ஜோஷ் மாமாவின் இடத்தில் இப்போது இந்தியக் குடிமகன் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

அந்தக் கவலையைச் சோதிக்க 1927இல் ஒரு குழு அமைந்தது. தலைவர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். இந்தியர் மூவர், ஆங்கிலேயர் மூவர். லாகூர் முதல் ரங்கூன் வரை சென்று 353 சாட்சிகளை விசாரித்தார்கள். அந்தச் சாட்சியத் தொகுதிகளைப் படிப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மாவட்ட ஆட்சியர், பாதிரியார், பேராசிரியர், கொட்டகை முதலாளி, படமெடுப்பவர் என்று எல்லோரிடமும் கேள்விகள் அடுக்கப்படுகின்றன. படம் பார்ப்பதே இல்லாதவர்கள், படம் பார்ப்பவர் மனத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறார்கள். காந்தியடிகள் அனுப்பிய பதில் இந்த விஷயத்தில் வெளிப்படையானது: தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகே அதன் தீமையைக் கண்டித்தார். பக்கம் பக்கமாகத் தலைவர் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்றே. பொதுக் கருத்தோடு நிறுத்தாமல், நீங்கள் கண்ட நிகழ்ச்சி ஏதாவது உண்டா என்று வழக்கறிஞருக்கே உரிய பொறுமையோடு சாட்சிகளைக் குடைகிறார். பாரிஸ் ரயில் கதையிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

1928இல் வந்த அறிக்கை, சினிமா பார்ப்பதால் ஒழுக்கம் கெடுகிறது, குற்றம் பெருகுகிறது என்ற குற்றச்சாட்டுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றது. தணிக்கை தேவை என்பதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை தரும் யோசனையை மறுத்தது. இந்தியப் படத் தயாரிப்புக்கு அரசு கடனும் ஆதரவும் தர வேண்டும் என்றது. அரசு அந்தப் பரிந்துரைகளைக் கிடப்பில் போட்டது.

1918ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது. 1952இல் வந்த புதிய சட்டம் படச் சான்றிதழை ஒரு பகுதியிலும் கொட்டகை உரிமத்தை இன்னொரு பகுதியிலும் பிரித்து வைத்தது. சென்னை மாநிலம் கொட்டகைகளுக்கென 1955இல் தனிச் சட்டம் இயற்றியது. புரொஜெக்டர் அறையில் எரியும் பொருளும், இருக்கையில் அமர்ந்திருப்பவரின் மனமும் அப்போதுதான் வெவ்வேறு கோப்புகளுக்குப் போயின.